மணிக்காரர் எத்தனை அடித்தார்?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சண்டை நடக்கும். பக்கத்து வீடுகளிலும் நடக்கும்தான். ஆனால் அங்கெல்லாம் கறிக்கடைக்கு யார் போவது, தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்தாமல் விட்டது என்று ஊருக்கே புரிகிற சண்டையாக இருக்கும். எங்கள் வீட்டில், ஒரு பேண்டு ஒரே உருப்படியைப் போன மாதம் மாமல்லபுரத்தில் வாசித்தது உசத்தியா, அதற்கு முந்தி சென்னையில் வாசித்தது உசத்தியா என்று சண்டை. போடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. அந்த மாமாவுக்கு என் அப்பா மாமா. ஆக, எங்கள் கூடத்தில் யார் ‘மாமா’ என்று கூப்பிட்டாலும் யாராவது ஒருத்தர் திரும்புவார். நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து மார்க் போடுகிறவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வீட்டில் நியாயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

உருப்படி என்றால் பாட்டு இல்லை. அந்த பேண்டில் பாடுகிறவரே கிடையாது. ஆறு பேர். வயலின், இரண்டு கிடார், டிரம்ஸ், கஞ்சிரா. ஆறாவது ஆள் ஒரு பாயில் உட்கார்ந்து சங்கு, சோழி, மரக்கட்டை, மணி என்று கடைவீதியையே பரப்பி வைத்துக்கொண்டிருப்பார். அந்த பேண்டுக்கு ஒரு ஸ்டைலான பேர் இருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை. ‘நம்ம செட்டு’ என்றுதான் சொல்வோம், என்னவோ எங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி.

அவர்கள் எதையும் இரண்டு தடவை ஒரே மாதிரி வாசித்ததில்லை. சி.டி.யில் ஏழு நிமிஷம் இருக்கிற உருப்படி மேடையில் அரை மணி நேரம் ஓடும். ஒரு நாள் வயலின் இழுத்துக்கொண்டு போகும், மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். இன்னொரு நாள் கஞ்சிராக்காரர் ஒரு குறும்பு பண்ணுவார், அதையே பிடித்துக்கொண்டு எல்லாரும் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவார்கள். யார் வேண்டுமானாலும் ரெக்கார்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று அவர்களே மைக்கில் சொல்வார்கள். அதனால் என் மாமாவைப் போல் நாலைந்து பைத்தியங்கள் எப்போதும் முன் வரிசையில் இருக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் மெமரி கார்டை மாற்றி மாற்றிக் காப்பி பண்ணிக்கொள்வார்கள்.

மாமாவுக்கு ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலுக்கு வேன் ஓட்டுகிற வேலை. விருந்தாளிகளை இறக்கிவிட்டுக் கிடைக்கிற சந்தில் கச்சேரிக்குப் போய்விடுவார். தீப்பெட்டி அளவில் ஒரு ரெக்கார்டர் வைத்திருந்தார். அதை ஒரு பழைய குடையின் நுனியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். ஒவ்வொரு ரெக்கார்டிங்கும் அவர் குரலோடுதான் ஆரம்பிக்கும். “அலோ, அலோ. மாபலிபுரம். சாயங்காலம் அஞ்சே முக்கா. காத்து அதிகமா கீது. முன்னாடி ஒரு அண்ணாத்த உயரமா நின்னுகினு கீறாரு.” அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரும். அப்பா கையைக் காட்டி அடக்குவார். பூசை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பாவுக்கு மறைமலைநகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. பிரஸ் ஷாப். தகட்டை உள்ளே வைத்தால் மேலேயிருந்து ஒரு மலை இறங்கி அடிக்கும், கதவாகவோ மட்கார்டாகவோ வெளியே வரும் என்று எனக்குச் சொல்லியிருந்தார். அதிகாலையில் கம்பெனி பஸ் வரும், ஏறிப் போவார். அந்த பிரஸ்ஸில் அச்சு ஒரு நூல் விலகினாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். இன்ஜினியர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருக்கும்போது இவர் தூரத்தில் நின்றபடியே, “எடப்பக்கம் ஏறி அடிக்குது” என்பாராம். போய்ப் பார்த்தால் இடப்பக்கம்தானாம். மாமா இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும்.

நானே பார்த்திருக்கிறேன். தெருமுனையில் வருகிற பைக்குக்குச் செயின் தளர்ந்திருக்கிறது என்பார். ஓடுகிற மின்விசிறியைப் பார்க்காமலேயே ஒரு திருகு கழன்றிருக்கிறது என்பார். நம்ம செட்டின் ரெக்கார்டிங்கைப் போட்டால், “இன்னிக்கு டிரம்ஸ்காரு தோல மாத்திட்டாரு மச்சான்” என்பார். மாமா அந்த டிரம்ஸ்காரரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்து, “ஆமாம் மாமா, மாத்திட்டாராம்!” என்று வாயைப் பிளந்தார். எங்கப்பாவுக்குச் சாமி இரண்டு காதுகளைக் கொடுக்கும்போது கூடவே எதையோ சேர்த்துக் கொடுத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

கம்பெனியில் காதில் செருகிக்கொள்ள மஞ்சள் நிறத்தில் பஞ்சுக்கட்டை கொடுப்பார்கள். அப்பா அதைச் செருகுவதில்லை. வாசலில் காவல்காரர் பார்க்கிற வரைக்கும் வைத்திருப்பார், உள்ளே போனதும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். அதை அடைத்துக்கொண்டால் பிரஸ் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்டைகள் வீட்டுக்கு வந்து சேரும். நான் அவற்றை என் பொம்மைகளுக்குத் தலையணையாக வைத்திருந்தேன். ஏகப்பட்ட தலையணை சேர்ந்திருந்தது.

இப்போது மணிக்கு வருகிறேன்.

அந்த நீளமான உருப்படியில் நடுவே ஓர் இடம் வரும். டிரம்ஸும் கஞ்சிராவும் கிடாரும் சேர்ந்து மேலே மேலே ஏறி, இனிமேல் தாங்காது, ஸ்பீக்கர் உடைந்துவிடும் என்கிற இடத்தில் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். ஒரே அமைதி. அந்த அமைதியில் பாயில் உட்கார்ந்திருக்கிற மணிக்காரர், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு வெண்கல மணியைச் சின்னக் கம்பியால் தட்டுவார். ணிங். கொஞ்சம் விட்டு, ணிங். எத்தனை தட்டுவார் என்பது அவர் இஷ்டம். ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் ஏழு. ஒரு தடவை பதினொன்று தட்டிச் சென்னையையே கதிகலங்க வைத்தார். எத்தனை தட்டினாரோ அந்தக் கணக்கையே தாளமாக எடுத்துக்கொண்டு, அடுத்த தட்டு விழ வேண்டிய இடத்தில் மற்ற ஐந்து பேரும் ஒன்றாக இறங்குவார்கள். ஒரு மயிரிழை முன்னே பின்னே இருக்காது. ஐந்து தட்டினால் ஐந்தில், ஏழு தட்டினால் ஏழில். அவர் இன்னும் ஒன்று தட்டப்போவதில்லை என்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது தலையே சுற்றுகிற அதிசயமாக இருந்தது. மாமாவைக் கேட்டால், “அதான் அவங்க வித்தை. கண்ணால பாத்தாத்தான் புரியும் உனக்கு” என்று கண்ணைச் சிமிட்டுவார்.

அதனால் எங்கள் நோட்டில் மார்க்கெல்லாம் அப்புறம்தான். முதல் கட்டம் மணி. ரெக்கார்டிங் ஓடும், அமைதி வரும், மூன்று பேரும் மூச்சைப் பிடித்து எண்ணுவோம், முடிந்ததும் ஆளுக்கு ஓர் எண்ணிக்கை சொல்வோம். கடல்காற்று, கூட்டத்தில் இருமல், குழந்தை அழுகை, இதற்கெல்லாம் நடுவில் அந்த மணி மெலிசாகத்தான் விழுந்திருக்கும். எண்ணுவது சாதாரண வேலை இல்லை. அப்பாதான் எப்போதும் முதலில் சொல்வார், சரியாகவும் சொல்வார்.

அந்த வருஷம் அப்பா தாமதமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் நான்தான் கண்டுபிடித்தேன். மணி நின்றதும் நானும் மாமாவும் “ஏழு!” என்று கத்துவோம். அப்பா பேசாமல் இருப்பார். பேண்டு மறுபடி இறங்கி, ஒரு சுற்று வாசித்து முடித்த பிறகு, தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏழு” என்பார். எனக்குக் கோபம் வந்தது. பேண்டு ஏழில் இறங்கிவிட்டால் மணி ஏழு என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? நோட்டில் அப்பாவின் கட்டத்தில் ‘காப்பி’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினால் டீச்சர் அப்படித்தான் எழுதுவார்.

அதே சமயத்தில் குக்கர் தகராறும் நடந்துகொண்டிருந்தது. அம்மா கடைக்குப் போகும்போது மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போவாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மா திரும்பி வரும்போது சோறு கூழாகியிருக்கும். “ஒரு விசில்கூட வரலியே” என்பார் அப்பா. ஒரு வாரம் கூழ், மறு வாரம் களி. அம்மா திட்டுவாள், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஊரான் வீட்டுப் பைக்கின் செயின் காதில் விழுகிற மனுஷனுக்குச் சொந்த வீட்டுக் குக்கர் விழவில்லையாம், நல்ல கதை!

நான் ‘காப்பி’ என்று எழுதியதை மாமா பார்த்துவிட்டார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. மறு ஞாயிறு செல்போனில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்தார். மணி அடிக்கிற இடம் மட்டும்தான், முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இனிமேல் யாரும் காப்பி அடிக்க முடியாது என்று எனக்குக் கொண்டாட்டம். மாமா அதை ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டார். அலைச்சத்தம் வந்தது. அதற்கு மேல் மணி, தெளிவாக, நிதானமாக. துண்டு முடிந்தது.

“ஆறு!” என்று நான் குதித்தேன். “ஆறு” என்றார் மாமா.

அப்பா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். “போடுய்யா” என்றார்.

“போட்டாச்சு மாமா.”

“இன்னாத்த போட்ட? வெறும் அலைச்சத்தம்தான கீது?”

மாமா சிரித்தார். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொரு தடவை போட்டார். அப்பா குனிந்து ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்துக்கொண்டார். நான் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். நிமிர்ந்தபோது அப்பாவின் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. மாமாவின் சிரிப்பு நின்றது. சமையலறையில் அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், ஜெயித்தது நான்தான் என்பது புரிந்தது. ஆறு என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டது. அப்பா குரல் அந்நாட்களில் சற்றுப் பெரிசாகவே இருந்தது. கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கிற காது டெஸ்ட் அடுத்த மாதம் வருகிறதாம். அதில் தவறினால் பிரஸ்ஸை விட்டு எடுத்துவிடுவார்களாம். “எடுத்தா எடுக்கட்டும், வேற வேலை குடுப்பாங்க இல்ல?” என்றாள் அம்மா. “பேக்கிங்ல போட்டு அட்டைப்பொட்டி ஒட்டச் சொல்லுவான்” என்றார் அப்பா. “அந்த பிரஸ்ஸு என் பேச்சக் கேக்கும்டி.” எனக்கு அந்த மலையிறங்கும் மெஷின் அப்பா இல்லாமல் தனியாக நிற்பதை நினைத்து அழுகையாக வந்தது.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அப்பா என்னை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். இயர்போனில் ஒரு பக்கம் அவர் காதில், ஒரு பக்கம் என் காதில். மணி கேட்கும்போதெல்லாம் அவர் முட்டியில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. நான் தட்டுவேன். ஒவ்வொரு தட்டுக்கும் அப்பா என் விரலைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஏதோ இல்லாததைச் சொல்கிற மாதிரி. இரண்டு நாள் பார்த்தேன், மூன்று நாள் பார்த்தேன். நான் சரியாகத் தட்டத் தட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கு ஜெயிப்பதே பிடிக்காமல் போய்விட்டது. பழைய மாதிரி அப்பாவே ஜெயித்துத் தொலையட்டும் என்று தோன்றியது.

நாலாம் நாள், மணி ஏழு முறை ஒலித்தது, நான் இரண்டே தட்டு தட்டினேன்.

“அவ்ளோதானா பாப்பா?”

“அவ்ளோதாம்பா. சரியாவே கேக்கல.”

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “ஏ, இங்க வா. கொழந்தைக்கே கேக்கலியாம்” என்று அம்மாவைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் நான் ஒன்றும் தட்டுவதே இல்லை. கோளாறு ரெக்கார்டரில்தான் என்று முடிவாயிற்று. உப்புக்காற்றில் பிடித்துப் பிடித்து உள்ளே துரு ஏறிவிட்டது, மச்சான் ஒரு நல்ல ரெக்கார்டராக வாங்காமல் குடையைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அப்பா தெம்பாகத் திட்டினார். மாமா ரெக்கார்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் வாசலுக்கு ஓடிவிட்டேன்.

“நேர்ல கேட்டா தெரிஞ்சிடப் போவுது” என்றார் அப்பா. மாதக் கடைசியில் மாமா வேலை பார்த்த ஓட்டலிலேயே, கடலை ஒட்டின மணலில், நம்ம செட்டு வாசிக்கப் போகிறது என்று தெரிந்தபோதுதான் அப்படிச் சொன்னார். காது டெஸ்ட் அதற்கு இரண்டு நாள் கழித்து.

கச்சேரி அன்று சாயங்காலம் நானும் அப்பாவும் பைக்கில் கிளம்பினோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக. வழியில் நிறுத்தி எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றும் குடிக்கவில்லை. மாமல்லபுரத்துக்குள் நுழைந்தபோது கல் செதுக்குகிற பட்டறைகளிலிருந்து டிக் டிக் டிக் என்று உளிச்சத்தம் வந்துகொண்டேயிருந்தது. அப்பா பைக்கை மெதுவாக்கித் தலையைச் சாய்த்து அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டார். பிறகு வேகமெடுத்தார்.

கூட்டம் என்றால் எப்போதும் பின்னால் நிற்கிற அப்பா அன்றைக்கு நேராக முன்னால் போனார். மாமா குடையைத் தூக்கிக்கொண்டு அங்கே தயாராக நின்றிருந்தார். அவருடைய அலோ அலோவை நான் முதல் தடவையாக நேரில் கேட்டேன்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? அதுவரை எனக்கு நம்ம செட்டு என்பது ஒரு ஸ்பீக்கர்தான். இங்கே ஆறு மனிதர்கள் இருந்தார்கள். வேர்த்தார்கள். வயலின்காரர் ஏதோ ஒன்றை வாசித்தால் டிரம்ஸ்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதற்குப் பதில் அடித்தார். அதைக் கேட்டுக் கிடார்க்காரர் தான் வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனார். யாரும் யாரிடமும் எதையும் சொல்லி வைக்கவில்லை! இப்போது, என் கண் முன்னால், இந்த நிமிஷம்தான் அது உண்டாகிறது. அவர்கள் பின்னால் கடல் பொன்னாகி, செம்பாகி, கறுத்துக்கொண்டு வந்தது. காலடியில் மணல் அதிர்ந்தது. அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறி வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. கோவிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றிருந்தார்.

நீள உருப்படி ஆரம்பித்தது. ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கூட்டமே மூச்சுத் திணறுகிற இடத்தில் நின்றது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மணி அடிக்கிற நேரத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கடல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மணிக்காரர் கையைத் தூக்கினார்.

நேரில் கேட்ட அந்த மணியை நான் என்னவென்று சொல்லுவேன். ரெக்கார்டிங்கில் கேட்டதெல்லாம் அதன் எச்சம். ஒவ்வொரு தட்டும் காற்றில் எழுந்து, எங்கள் தலைக்கு மேல் நின்று, கடல் பக்கமாகப் போய்க் கரைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்பா என் கையைப் பிடித்திருந்தார். ஏழு வந்தது, எட்டு வந்தது. ஒன்பது தட்டியதும் மணிக்காரர் அந்த மணியைச் சட்டென்று உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். மற்ற ஐந்து பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் வித்தை! கை மூடியதும், பத்தாவது விழ வேண்டிய இடத்தில், ஐந்து பேரும் ஒன்றாக ஒன்பதில் இறங்கினார்கள். கூட்டம் ஹோவென்று கத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பா குனிந்தார். கத்தித்தான் கேட்டார். “மணி அடிச்சாரா பாப்பா?”

அவர் கண்ணைப் பார்த்தேன். அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. தனியாக நிற்கிற மெஷின் ஞாபகம் வந்தது. அவர் காதில் வாயை வைத்து, “இல்லப்பா! இன்னிக்கு மணியே அடிக்கல! நேரா பூந்துட்டாங்க!” என்று கத்தினேன்.

அப்பா மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்து ஆட்டி, “அதான பாத்தேன். அடிக்கவே இல்ல” என்று சிரித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன்! மணியே அடிக்கவில்லை என்றால் பேண்டு ஒன்பதில் எப்படி இறங்கியது என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மேடைக்கு முன்னால் மணலில் சின்னப் பிள்ளைகளெல்லாம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கையை உதறிக்கொண்டு ஓடி நானும் ஆடினேன்.

இரண்டு நாள் கழித்து டெஸ்ட் நடந்தது. அப்பா பேக்கிங்குக்குப் போனார். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் இடிந்து போகவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டுவதைப் பற்றி அவரே ஜோக்கடித்தார். காதுக்கு மெஷின் வந்தது. குக்கர் விசில்கூட ஒழுங்காக எண்ணப்பட்டுச் சோறு சோறாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சண்டை மட்டும் திரும்பி வரவில்லை. அந்தச் சாயங்கால ரெக்கார்டிங்கை ஒரே ஒரு தடவை மாமாவிடம் கேட்டேன். கார்டில் உப்பு இறங்கி எல்லாம் போய்விட்டது என்றார். அப்பா சொன்னது சரிதான், மாமா சுத்த மோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் மாமா வீடு மாறினார். பழைய ரெக்கார்டிங்குகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு, “ஒழுங்கா அடுக்கி வெய்யி பாப்பா, நீதான் நோட்டு எழுதுன ஆளு” என்று என்னிடம் கொடுத்தார். சென்னையில் வேலை முடிந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் வருகிறபோது ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அறுபதுக்கு மேல் இருந்தன. தாம்பரம் தாண்டியபோது, அலோ அலோ, மாபலிபுரம், எங்க ஓட்டலாண்ட, மாமாவும் பாப்பாவும் வந்துகிறாங்க, என்று ஒரு குரல் வந்தது. அது உப்பில் போன கார்டு. போகவே இல்லை. மாமா அதை மறந்துவிட்டாரா, இல்லை நான் வளர்ந்துவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டாரா, எனக்குத் தெரியாது.

நோட்டு இருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன். மற்ற அறுபதும் இதன் பக்கத்தில் நிற்காது. ஏறியது, நின்றது. நான் எண்ணினேன். ஒன்பது. ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருந்தது. பிறகு அப்பா கேட்கிறார், அடிச்சாரா என்று. ஒரு கீச்சுக்குரல் இல்லை என்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது. ஆட்டம், கூச்சல், கொஞ்ச நேரத்தில் வயலின் மட்டும் தனியாக வாசிக்கிற இடம். அங்கே மறுபடி அப்பாவின் குரல். ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவருக்கு அப்போது தெரியாது.

“ஒம்போது தான மச்சான்?”

“ஆமா மாமா. கேட்டுச்சா?”

“கையப் பாத்து எண்ணுனேன். ஒண்ணுகூட காதுல வுழல.”

வயலின் போய்க்கொண்டிருந்தது.

“பாப்பா அடிக்கலன்னு சொல்லுது. அதுக்கு இன்னா தெரியுமோ, நான் தோக்கக்கூடாதுன்னு பாக்குது. நீ இத வூட்ல போட்டுடாத, இன்னா? பொய் சொல்லி மாட்டிக்கினோமேன்னு கொழந்த அயுதுடும்.”

“சரி மாமா.”

கொஞ்ச நேரம் கழித்து, “எப்டி இருந்துச்சு?” என்றார் அப்பா.

“இன்னாது மாமா?”

“மணிதான்.”

எல்லா ரெக்கார்டிங்குக்கும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லுகிற என் மாமா, வயலின் ஒரு முழுச்சுற்று முடித்துத் திரும்பி வந்த பிறகுதான், “நல்லா இருந்துச்சு மாமா” என்றார்.

ரயில் செங்கல்பட்டில் காலியாகி, அதே ரயிலில் சென்னைக்குத் திரும்புகிற ஆட்கள் ஏறிவிட்டார்கள். அதுவரை இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனபோது அப்பா காது மெஷினுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். இன்னா பாட்டு கேட்டுகினு வந்த, கண்ணு இப்படிச் செவந்து கீது என்றார். நம்ம செட்டுதாம்பா என்றேன். மாபலிபுரம் கச்சேரி கிடைச்சிதா என்று கேட்டார். இல்லப்பா, உப்புல போயிடுச்சாம் என்றேன்.

அப்பா தலையாட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுக் கணக்கில், அந்தச் சாயங்காலம் மணிக்காரர் மணி அடிக்கவில்லை, இன்றுவரை.